'கம் ரவுண்ட்' என்றால் 'சுற்றி வா' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் ஆங்கிலப் பகுதியை என் அண்ணன் மகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறாள். நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். முடித்ததும் இங்கே வர வேண்டும் என்பது அவள் ஆசை. ஒட்டிய பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அத்தை, இதெல்லாம் அங்க நிஜமாவே பேசுவாங்களா?" என்று கேட்கிறாள். பேசுகிறார்கள். நாள் முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள். ஆனால் நீங்கள் போடுகிற விதத்தில் படித்தால், அவர்கள் பேசும்போது அவளுக்குப் பிடிபடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃப்ரேசல் வெர்ப்களை, அதாவது ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' மாதிரி ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஆங்கிலத் தொடர்களை, நீங்கள் அகர வரிசையில் போடுகிறீர்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழில் ஒரே ஒரு பொருள். 'புட் ஆஃப்' ஒத்திப்போடு, 'புட் ஆன்' அணிந்துகொள், 'புட் அவுட்' அணை, 'புட் அப் வித்' பொறுத்துக்கொள். ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் நான்கையும் ஒரே மூச்சில் படித்த பிள்ளையிடம் மறுநாள் காலையில் கேட்டுப் பாருங்கள். தீயை அணைப்பது ஆஃபா, அவுட்டா என்று விழிக்கும். ஒரே முகச்சாயல் உள்ள நாலு சகோதரர்களைக் கல்யாண வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்து வைத்தால், யார் பெயர் யாருக்கு என்று மாறிப்போகுமே, அந்த மாதிரி. ஒருவரைப் பேருந்தில், இன்னொருவரைக் கடையில் என்று தனித்தனியாகச் சந்தித்தால் மாறாது.

பள்ளிக்கூடத்து ஒரு மதிப்பெண் கேள்விக்கு இந்தப் பட்டியல் போதும். அங்கே நான்கு விடைகள் கண்ணெதிரே அச்சடித்து இருக்கும். வார்டில் அப்படி யாரும் விடையைக் கொடுத்துவிட்டுப் பேசுவதில்லை.

எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். காலையில் திரையை விலக்கி "ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதும். முழங்கால் 'ப்ளேயிங் அப்' என்பார் ஒருவர். கால் விளையாடவில்லை, படுத்துகிறது என்று அர்த்தம். அடுத்த கட்டிலில் இருக்கும் அம்மா விடிகிற நேரத்தில்தான் 'நாட் ஆஃப்' ஆனாராம், அதாவது கண்ணயர்ந்தாராம். அதற்குள் வலி மாத்திரை 'வோர் ஆஃப்' ஆகிவிட்டது, மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. இன்னொருவர் மூன்று நாளாக 'பங்ட் அப்'. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் மூக்கடைப்பு, வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னால் மலச்சிக்கல். வாந்தி என்ற பேச்சு வந்தால் 'வாமிட்' என்று சொல்கிறவர் குறைவு. 'த்ரோ அப்' என்பார்கள், இல்லாவிட்டால் 'பிரிங் அப்' என்பார்கள். இந்த 'பிரிங் அப்' ஒன்றே தனிக் கதை. சளியை வெளியே கொண்டுவந்தாலும் 'பிரிங் அப்', பிள்ளையை வளர்த்து ஆளாக்கினாலும் 'பிரிங் அப்', பேச்சோடு பேச்சாக ஒரு விஷயத்தை எடுத்தாலும் 'பிரிங் அப்'. உங்கள் பட்டியலில் 'வளர்த்தல்' மட்டும் இருந்தது. அதை மட்டும் படித்த பிள்ளை, "டிட் யூ பிரிங் எனிதிங் அப்?" என்று அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வியைக் கேட்டால் என்னதான் நினைத்துக்கொள்ளும்?

அப்புறம் 'பாஸ்'. 'பாஸ் அவுட்' என்றால் இங்கே மயங்கி விழுவது. 'பாஸ் அவே' என்றால் இறந்துபோவது. நடுராத்திரியில் வீட்டாரிடம் போனில் பேசும் செவிலியர், அந்த ஒரு குட்டிச் சொல்லை மாற்றிச் சொன்னால் மறுமுனையில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் 'பாஸ் அவுட்' என்றால் படிப்பு முடித்தது. "2015ல பாஸ் அவுட்" என்று பயோடேட்டாவிலேயே எழுதுகிறோம். இங்கே ராணுவப் பயிற்சி முடித்தவர்களைச் சொல்லும்போது அந்தப் பொருள் உண்டு. நர்சிங் கல்லூரியைச் சொல்லும்போது கிடையாது. வேலை நேர்காணலில் "ஐ பாஸ்டு அவுட்" என்று சொன்னால், பாவம், உடம்பு இப்போது தேவலையா என்று பார்ப்பார்கள். இந்த மாதிரி எச்சரிக்கை ஒன்றுகூட உங்கள் பகுதியில் வரவில்லை என்பது என் குறை.

நான் புறப்படுவதற்கு முன் நம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். அவர்களும் ஒரு தடித்த ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வாசித்துக் காட்டக்கூட இல்லை. ஆனால் செவிலியர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, எப்படி இருக்கிறது? கேட்டல் பகுதியின் தொடக்கத்திலேயே நோயாளி தன் வாயால், தன் மொழியில் உபாதையைச் சொல்வதைக் கேட்டுக் குறிப்பை நிரப்ப வேண்டும். பேசுதல் பகுதியில் இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவர் உறவினராகவோ நடிப்பார். இங்குள்ள செவிலியர் பதிவுக் கவுன்சில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350 மதிப்பெண் கேட்கிறது; எழுதுவதற்கு 300 போதும் என்கிறது. எழுத்தில் கெட்டிக்காரர்களான நம் பிள்ளைகள் சிலர்கூடக் கேட்பதிலும் பேசுவதிலும் தடுக்கி விழுந்து, திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணம் ஏழை வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

ஏன் தடுக்குகிறது என்று யோசித்திருக்கிறேன். நாம் படித்த ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம், அலுவலக ஆங்கிலம். அதில் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் அதிகம். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்', 'இன்வெஸ்டிகேட்' எல்லாம் நமக்குத் தண்ணீர்பட்ட பாடு. சமையலறையிலும் படுக்கையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஆங்கிலேயர் பேசுவது 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்', 'லுக் இன்டு'. எங்கள் வார்டிலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குறிப்பேட்டில் 'வாமிட்டட்' என்று எழுதுவோம், கட்டிலில் இருப்பவர் சொன்னது 'த்ரூ அப்'. படித்தவர் மொழியைப் படித்துவிட்டுப் பாட்டிகள் நடுவில் வந்து நிற்கிறோம். போதாக்குறைக்கு 'ப்ரீபோன்' என்று நாமே ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். அழகான சொல்தான், எனக்குப் பிடிக்கும். ஆனால் அறுவை சிகிச்சை தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தால் இங்கே 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால்தான் விளங்கும்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் தன் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அந்நியர்களுக்குப் பெரிய கஷ்டத்தைத் தருகிறது என்று எழுதியிருக்கிறார். 'டேக் ஆஃப்' என்றால் பார்த்துப் போலச் செய்வது என்று அங்கே உதாரணமும் கொடுக்கிறார். விமானம் 'டேக் ஆஃப்' ஆவதை அவர் எங்கே பார்த்தார்! 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே பின்னால் வந்ததுதான். 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் அதை அச்சில் எழுதி, இந்தப் பெயரை எனக்குச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி உண்டு. உங்கள் பகுதி அதைத் தொடவே இல்லை. 'தள்ளிப்போடு' என்கிறோம். எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. 'விட்டுக்கொடு', 'கண்டுபிடி', 'பார்த்துக்கொள்', 'ஒத்துப்போ' எல்லாமே அப்படித்தான். ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படிக்க வந்து, 'காட்டு' என்பதையும் 'கொடு' என்பதையும் தனித்தனியாக அகராதியில் பார்த்துவிட்டு 'காட்டிக்கொடு' என்பதற்குப் பொருள் சொல்லட்டும் பார்ப்போம். கடையில் சேலை எடுத்துக் காட்டிக் கையில் கொடுப்பது என்றுதான் சொல்வார். நாம் அவரிடம் என்ன சொல்வோம்? இரண்டையும் பிரிக்காதீர்கள், ஒன்றாகவே மனதில் வையுங்கள், யாராவது பேசும்போது கவனியுங்கள் என்போம். அதே பதிலைத்தான் 'கிவ் அவே' என்பதற்கும் சொல்ல வேண்டும். அதற்கும் காட்டிக்கொடுத்தல் என்ற பொருள் உண்டு. இதைச் சொன்னபோது என் அண்ணன் மகள், "அப்ப இது நமக்குப் பழகினதுதானே அத்தை" என்றாள். பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

இன்னும் ஒரு படி போகலாம். "டிரிங்க் அப்" என்று நான் மருந்துக் குவளையை நீட்டும்போது, அந்த 'அப்' மேலே என்று சொல்லவில்லை. மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள் என்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாவற்றிலும் நம் 'விடு' செய்கிற வேலையை 'அப்' செய்கிறது. 'ஆஃப்' பல இடங்களில் விலகிப்போவதைக் குறிக்கும்: 'டேக் ஆஃப்', 'வேர் ஆஃப்', 'டிராப் ஆஃப்'. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 'ப்ளே அப்' எந்தக் கணக்கிலும் அடங்காத ரகம். ஆனாலும் வினையை வைத்து அடுக்குவதைவிட இந்தக் குட்டிச் சொல்லை வைத்து அடுக்கினால் கொஞ்சம் பிடி கிடைக்கிறது.

காதுக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். அச்சில் 'டேக் இட் ஆஃப்' என்று மூன்று சொல் தனித்தனியாக நிற்கிறது. பேச்சில் அது 'டேக்கிட்டாஃப்'. 'புட் இட் ஆன்' என்பது 'புட்டிட்டான்'. முதல் தடவை கேட்கிறவருக்கு ஏதோ ஆள் பெயர் மாதிரி இருக்கும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மெய்யெழுத்தின் மேல் உயிரெழுத்து வந்து ஏறிக்கொள்கிறது. எட்டாம் வகுப்பு அளவில் தமிழ் ஐயா நடத்திய அதே புணர்ச்சிதான். தமிழில் சேர்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இதைப் பிரித்துக் கேட்கவும் வரும், ஒருமுறை சொல்லிக் கொடுத்தால். அதோடு அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'பாஸ் அவுட்' என்று வினையாகச் சொல்லும்போது 'அவுட்' தான் ஓங்கி ஒலிக்கும். நாம் முன் சொல்லை அழுத்திவிட்டுப் பின் சொல்லை விழுங்குகிறோம், பொருள் அங்கே இருக்கும்போது. நமக்கு ஏன் அந்தப் பழக்கம் என்றால், இவற்றில் பலவற்றைப் பெயராகத்தான் தெரியும்: செக்கப், மேக்கப், கட் அவுட், லே அவுட். பெயராக வந்தால் அழுத்தம் முன்னால்தான். நடிகருக்கு வைக்கும் கட் அவுட் வேறு, புகைப்பதை 'கட் அவுட்' செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்வது வேறு. 'செட்டப்', 'கெட்டப்' இரண்டும் நம்மிடம் வந்து என்ன பாடுபட்டன என்பது தனிக் கட்டுரைக்கு ஆகும், விட்டுவிடுகிறேன்.

சொல் நிற்கிற இடத்தையும் பட்டியல் சொல்வதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றால் 'டேக் ஆஃப் யுவர் ஷர்ட்' சரி, 'டேக் யுவர் ஷர்ட் ஆஃப்' என்பதும் சரி. 'அதை' என்று வந்துவிட்டால் 'டேக் இட் ஆஃப்' மட்டும்தான்; 'டேக் ஆஃப் இட்' கிடையாது. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' தான், எத்தனை அவசரமானாலும். நல்ல அகராதிகள் இதை நடுவில் ஒரு குறி போட்டுக் காட்டுகின்றன. நீங்களும் ஒரு புள்ளியோ கோடோ போட்டுக் காட்டினால் ஒரு வரி இடம்கூடக் கூடுதலாக ஆகாது.

இங்குள்ளவர்களுக்கு 'பாப்' என்று ஒரு செல்லச் சொல் உண்டு. எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றுங்கள் என்பதற்கு "பாப் யுவர் டாப் ஆஃப்", கட்டிலில் ஏறுங்கள் என்பதற்கு "பாப் அப் ஆன் தி பெட்", இதோ வருகிறேன் என்பதற்கு "ஐ வில் பாப் பேக்". கட்டளை மாதிரி தெரியாமல் கட்டளை போட இதைவிட நல்ல சொல் இல்லை. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவரைக்கூட 'பாப்' செய்யச் சொல்வார்கள், ஏதோ கொய்யா மரத்தில் தாவி ஏறுவது போல. முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் அதைத்தான் சொல்கிறேன்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. அகர வரிசையை விட்டுவிட்டு இடவாரியாகப் போடுங்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் வங்கி, அப்புறம் ரயில் நிலையம், வாடகை வீடு, சமையலறை. ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு போதும். சொல்லாகப் போடாமல் யாராவது பேசுகிற வாக்கியமாகப் போடுங்கள். "ஐ கேம் டவுன் வித் எ கோல்ட் லாஸ்ட் வீக் அண்ட் ஐ காண்ட் ஷேக் இட் ஆஃப்" என்று ஒருவர் சொன்னால், போன வாரம் சளி பிடித்தது, விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு ஃப்ரேசல் வெர்ப் வந்துவிட்டன; எங்கே, எதற்கு, எந்த மனநிலையில் என்பதும் வந்துவிட்டது. பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். வீட்டில் யாராவது நோயாளியாக நடிக்கட்டும். என் அண்ணன் வீட்டில் இப்போது அப்பாதான் நோயாளி. பேத்தி கேட்பதற்காக முழங்காலைத் தடவிக்கொண்டு "ப்ளேயிங் அப், ப்ளேயிங் அப்" என்கிறாராம். அவருக்கு நிஜமாகவே முழங்கால் வலி உண்டு என்பதால் நடிப்பு நன்றாக வருகிறது.

கடைசியாக, தலைப்பில் சொன்ன விஷயம். சில வாரங்களுக்கு முன் 'கம் ரவுண்ட்' என்பதற்கு 'சுற்றி வா' என்று போட்டிருந்தீர்கள். மயக்க மருந்து தெளிந்து நினைவு திரும்புவதற்கு எங்கள் இடத்தில் சொல்வது அதுதான். "ஹி இஸ் கமிங் ரவுண்ட்" என்று சொன்னால் நோயாளி கண் விழிக்கிறார், பக்கத்தில் போய் நில் என்று அர்த்தம். அவர் வார்டைச் சுற்றி வருகிறார் என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்கு வந்துபோவதற்கும், பிடிவாதம் விட்டு இறங்கி வருவதற்கும்கூட அதையே சொல்வார்கள். ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். அகர வரிசையில் இனி 'டேக்' வரும்போது 'டேக் ஆஃப்' என்பதற்கு விமானம் கிளம்புவதை மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், உடையைக் கழற்றுவதையும், ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதையும், வேலைக்கு விடுப்பு எடுப்பதையும் சேர்த்துத் தனித்தனி வாக்கியமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லை என்றால், அதே பக்கத்தில் ராசிபலன் வருகிறது. அதில் நாலு வரி குறைத்தால் எந்த ராசிக்காரரும் கோபிக்க மாட்டார்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்து வாசகி,
யார்க்ஷயர், இங்கிலாந்து